மதுரை வீட்டுக் கொல்லையில் பறவைகள்: பார்ப்பது, தண்ணீர் வைப்பது, தீனி போடுவது

அமாவாசை தவறாமல் கைப்பிடிச் சுவரில் ஓர் உருண்டைச் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடும் வீடுகள் மதுரையில் தெருவுக்குத் தெரு உண்டு. பறவைக்குத் தீனி வைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. சிட்டுக்குருவி வரட்டும், கிளி வரட்டும் என்று ஆசைப்பட்டுத் தொடங்கும்போதுதான் காரியம் கெடுகிறது. கடையில் பிளாஸ்டிக் தீனிக்கூண்டு ஒன்று வாங்கி, ஒரு கிலோ கம்பைக் கொட்டித் தொங்கவிடுவார்கள். முதல் வாரம் ஒன்றும் வராது. அடுத்து மாடப்புறா வரும். அதற்கடுத்து எலி வரும். மாதக் கடைசியில் கூண்டு பரணுக்குப் போய்விடும்.

வரிசையை மாற்றினால் இந்தத் தொல்லையில் பாதி வராது. முதலில் பார்ப்பது, பிறகு தண்ணீர், அதற்குப் பிறகு தானியம், கூடவே செடி. மதுரை வெயிலில் பறவைக்குப் பெரிய தட்டுப்பாடு தண்ணீர்தான். வேப்பம்பழமும் புல்விதையும் பூச்சியும் எங்காவது கிடைத்துவிடும். மாசி கழிந்து கண்மாய் வற்றிய பிறகு, குடிக்கத் தகுந்த ஒரு வாய்த் தண்ணீர் கிடைப்பது கஷ்டம்.

முதல் வாரம்: எதுவும் வைக்க வேண்டாம்

காலை ஆறேகாலிலிருந்து எட்டு மணிக்குள் ஓர் அரை மணி நேரம், மாலை நாலரைக்கு மேல் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். பறவைகள் உங்களைப் பார்த்துப் பழக நான்கைந்து நாள் எடுக்கும். ஒரு நோட்டில் நாள், நேரம், எந்தப் பறவை, எத்தனை, எந்த மரத்தில், என்ன செய்தது என்று எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் அடையாளத்தை எழுதுங்கள். பெயர் பிறகு வரும்.

அளவுக்கு மூன்று பறவைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சிட்டுக்குருவி (சுமார் 15 செ.மீ.), மைனா (சுமார் 23 செ.மீ.), காகம் (40 செ.மீ.க்கு மேல்). புதிதாக ஒன்று வந்தால் "மைனாவைவிடச் சின்னது, குருவியைவிடப் பெரியது" என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது அலகு. குட்டையாகத் தடித்த அலகு என்றால் தானியம் தின்னும் பறவை. மெலிந்து வளைந்திருந்தால் தேன் குடிப்பது. நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். வெளிச்சம் மாறினால் நிறம் ஏமாற்றும். அலகும் வாலும் ஏமாற்றாது.

மதுரை வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடியவை இவை. சிட்டுக்குருவியில் ஆணுக்குத் தொண்டையில் கறுப்புப் பட்டை, உச்சந்தலை சாம்பல் நிறம். பெண் வெளிறிய பழுப்பு, கண்ணுக்குப் பின்னால் மங்கலான கோடு. இதைச் சில்லையோடு குழப்பிக்கொள்வார்கள். சில்லை இன்னும் சிறியது, கூட்டமாகப் புல்கதிரில் தொங்கும், குரல் மிக மெல்லியது. தவிட்டுக்குருவி ஆறேழு சேர்ந்து தரையில் இலையைப் புரட்டிக்கொண்டே போகும். வெளிறிய தலை, வெள்ளைக் கண், ஓயாத சத்தம். தலையில் கறுப்புக் கொண்டையும் வாலுக்கடியில் சிவப்பும் இருந்தால் கொண்டைக்குருவி. கம்பியில் உட்கார்ந்து பூச்சியைப் பறந்து பிடித்துத் திரும்பவும் அதே இடத்துக்கு வரும் கறுப்புப் பறவை, பிளந்த வாலோடு இருந்தால், கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். புள்ளிப்புறா, சின்னத் தவிட்டுப்புறா, மைனா, கருந்தலை மைனா, வால்காக்கை, குயில், செம்போத்து, பச்சைக்கிளி எல்லாம் ஊருக்குள்ளேயே உண்டு.

தையல்சிட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்பீர்கள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு உரத்த குரல் வரும் என்று நம்ப முடியாது. உச்சந்தலை செம்பழுப்பு, முதுகு இலைப்பச்சை, வால் எப்போதும் நிமிர்ந்தபடி. கொய்யா, செம்பருத்தி, தேக்கங்கன்று என்று இலை கொஞ்சம் அகலமாக உள்ள செடியில் இலையைச் சுருட்டித் தைத்துக் கூடு கட்டும். இலை ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ நுழைத்து இழுக்கும். துளைக்கு வெளியே இழை பிசிறாக விரிந்து முடிச்சுப் போல நின்றுகொள்ளும். இலை உயிரோடு பச்சையாகவே இருப்பதால் பக்கத்தில் நின்றாலும் கூடு தெரியாது. ஆகவே பங்குனி முதல் ஆவணி வரை செடியை வெட்டுவதற்கு முன்னால் சுருண்ட இலைகளை ஒருமுறை தடவாமல் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாறு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க வெறுங்கண் போதும். பைனாகுலர் வாங்குவதானால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும். பார்க்கும் பரப்பும் சுருங்கும். குரலை வைத்து அடையாளம் காண மெர்லின் என்ற இலவசச் செயலி உதவும். நம் நாட்டுப் பறவைத் தொகுப்பை அதற்குள் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அது சொல்வதைக் கண்ணால் உறுதி செய்த பிறகே நோட்டில் ஏற்றுங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைப் போனில் ஒலிக்கவிடாதீர்கள். தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று அது கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்பும்.

இரண்டாம் வாரம்: தண்ணீர்

பாத்திரம் மண்ணில் இருக்கட்டும். 30 முதல் 45 செ.மீ. அகலமுள்ள, வாய் அகன்ற, பூச்சு இல்லாத மண்சட்டி அல்லது பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு நல்லது. மதுரையிலும் மானாமதுரையிலும் மண்பாண்டக்காரர்களிடம் கேட்டால் ஆழம் குறைவாகவே செய்து தருவார்கள். மண் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாவதால் சட்டி தானே குளிர்ந்திருக்கும். எவர்சில்வர் தட்டு நண்பகலில் கையை வைக்க முடியாத அளவு சுடும், பிளாஸ்டிக் வழுக்கும்.

ஆழம் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஓரத்தில் இரண்டரை செ.மீ., நடுவில் ஐந்து என்று சரிவாக இருந்தால் மிகவும் நல்லது. பள்ளமான சட்டிதான் கையில் இருக்கிறது என்றால் நடுவே ஒரு தட்டைக் கல்லை, தண்ணீருக்கு மேல் ஒரு விரல்கடை தெரியும்படி வையுங்கள். வாளியிலும் ஆழமான தொட்டியிலும் குருவி விழுந்து சாவது நடக்கிற விஷயம். அவற்றை மூடுங்கள், அல்லது ஒரு குச்சியைச் சாய்த்துப் போட்டு வையுங்கள். விழுந்தது ஏறிவர அது போதும்.

இடம் நிழலாக இருக்க வேண்டும். மொட்டை மாடியானால் தண்ணீர்த் தொட்டியின் நிழல், கொல்லையானால் மரத்தடி. பூனையை மறக்கக் கூடாது. புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை அதற்குள் பதுங்கியிருக்கும். நடு வெளியில் வைத்தால் வல்லூறு வந்தால் ஓடி ஒளிய இடமிருக்காது. புதரிலிருந்து இரண்டு முதல் மூன்று மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு தூணின்மேல் வைப்பதுதான் கணக்கு. தூணைச் சுற்றி எலுமிச்சை முள் கிளைகளைக் கட்டிவிட்டால் பூனை ஏறாது.

தண்ணீரைத் தினமும் காலையில் மாற்றுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் மதியம் ஒருமுறை கூடுதலாக மாற்றுங்கள். மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் உள்பக்கம் முழுக்கத் தேய்த்து, கழுவி ஊற்ற வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் விளிம்பை ஒட்டிய சுவரில்தான் முட்டையை ஒட்டி வைக்கிறது. அது காய்ந்தாலும் பல மாதம் சாகாமல் கிடந்து, நனைந்ததும் பொரியும். வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தேய்த்துக் கழுவும் வீட்டில் இந்தப் பேச்சே எழாது. மாநகராட்சியிலிருந்து பார்க்க வந்தாலும் தயங்காமல் காட்டலாம்.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, சட்டியில் பத்து நிமிடம் நிற்கவிட்டு, வாசனை போகுமட்டும் கழுவி, வெயிலில் காயவையுங்கள். இரண்டு சட்டி வைத்து மாற்றிக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றது பயன்படும். தண்ணீரில் சர்க்கரை, குளுக்கோஸ், மஞ்சள் எதுவும் சேர்க்க வேண்டாம்.

முதலில் வருவது காகமாகத்தான் இருக்கும். காய்ந்த ரொட்டியையும் எலும்பையும் கொண்டுவந்து சட்டியில் ஊறப்போடும். தண்ணீர் நாறும். காகத்துக்கென்று சுவர் மேல் தனிச் சட்டி வைத்துவிட்டால் சின்னச் சட்டி பெரும்பாலும் தப்பிக்கும்.

பக்கத்தில் 5 செ.மீ. ஆழத்துக்குப் புழுதி மண் நிரப்பிய ஒரு பழைய தட்டு இருந்தால் சிட்டுக்குருவிகள் மண் குளியல் போடும். இறகிலுள்ள பேனையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அவை அப்படித்தான் போக்கிக்கொள்கின்றன. மழை நனைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

மூன்றாம் வாரம்: தானியம்

கீழமாசி வீதிப் பலசரக்குக் கடையிலோ உங்கள் தெருக் கடையிலோ கம்பு இரண்டு பங்கு, தினை ஒரு பங்கு, குருணை ஒரு பங்கு வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். கம்பைப் புறாவும் குருவியும் தின்னும். தினை சில்லைக்கும் சிட்டுக்கும். குருணையைத் தவிட்டுக்குருவியும் அணிலும்கூட விடாது. சுளகில் புடைத்துத் தூசியையும் கல்லையும் எடுத்துவிடுங்கள். வண்டு இருந்தால் பரவாயில்லை, அதையும் தின்னும். பூஞ்சை பிடித்ததைப் போடவே கூடாது. நிலக்கடலையிலும் தானியத்திலும் வரும் பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

இரண்டு எச்சரிக்கை. விதைக்கடையில் வாங்கும் சோளம், கம்பு விதைகளில் மருந்து தடவியிருப்பார்கள். சிவப்பாகவோ ரோஸ் நிறமாகவோ இருக்கும். மிச்சம் இருக்கிறதே என்று அதைப் போட்டால் தின்ற பறவை செத்துப்போகும். அதேபோல் பூச்சி வராமலிருக்கப் போரிக் பவுடர் கலந்த, அல்லது மாத்திரை போட்டு வைத்த அரிசியும் ஆகாது. வேப்பிலையோ வசம்போ போட்டு வைத்தது என்றால் சுளகில் புடைத்துவிட்டுப் போடலாம். பச்சரிசி வயிற்றில் ஊதிப் பறவையைக் கொல்லும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மையில்லை, நெல் வயலில் மேயும் பறவைகள் தின்பதும் அதைத்தான்.

அளவு: ஒரு கைப்பிடி, அதாவது 40 முதல் 50 கிராம். ஒரு சிட்டுக்குருவியின் எடையே ஏறக்குறைய 25 கிராம்தான். நாளைக்குச் சில கிராம் தானியம் அதற்குப் போதும். காலை ஆறரைக்கு ஒரு கைப்பிடி, மாலை நாலரைக்கு அதில் பாதி. இரண்டு மணி நேரம் கழித்தும் மிச்சம் இருந்தால் மறுநாள் கால் பங்கு குறையுங்கள். இருபது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது என்பதற்காகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நாளைக்கு 100 கிராமைத் தாண்டினால் அதன்பின் புறாக்கூட்டத்துக்குத்தான் செலவு செய்வீர்கள். இருட்டுவதற்கு முன் தட்டைக் காலி செய்துவிடுங்கள். இரவில் கிடக்கும் தானியத்தை எலி தேடி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

பறவை கண்டுபிடிக்கப் பத்து நாளோ ஒரு மாதமோ ஆகலாம். நேரத்தையும் இடத்தையும் மாற்றாமல் காத்திருங்கள். ஒன்று இறங்கிவிட்டால் மற்றவை பார்த்துக்கொண்டு வரும்.

தட்டை நீங்களே செய்துகொள்ளலாம். இரண்டு விரல் அகல ரீப்பர் கட்டையில் 30 செ.மீ.க்கு 45 செ.மீ. சட்டம் ஒன்று அடித்து, அடிப்பக்கம் அலுமினியக் கொசுவலையை இழுத்துக் கட்டி ஆணி அடியுங்கள். வலை தொய்யாமலிருக்கக் குறுக்கே ஒரு கட்டை கொடுங்கள். நான்கு மூலையிலும் கட்டுக்கம்பி கோத்து, ஆள் உயரத்தில் சன்ஷேடு அடியிலோ கிளையிலோ தொங்கவிடுங்கள். மழைத் தண்ணீர் வலை வழியே இறங்கிவிடும், தானியம் காற்றில் காயும். பாட்டிலைத் துளைத்துக் கரண்டி செருகிச் செய்யும் தீனிக்கூண்டை நாங்கள் சொல்வதில்லை. வெயிலில் பாட்டிலுக்குள் வியர்த்து, அடியிலுள்ள தானியம் கட்டிபட்டுப் பூஞ்சை பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பறவை தின்றுகொண்டே இருக்கும்.

சிட்டுக்குருவிக்கு இதைவிட நல்ல வழி நெற்கதிர்க் கொத்து. தை, மாசி அறுவடையில் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கொத்தாகக் கட்டி வாங்கி வாருங்கள். வாசல் நிலைக்கு மேல் தொங்கவிட்டால் குருவி தலைகீழாகத் தொங்கி ஒவ்வொரு நெல்லாக உரித்துத் தின்னும். மாடப்புறாவால் அதில் தொங்க முடியாது. கம்பங்கதிரும் அப்படியே.

தானியத்தோடு வாரம் இருமுறை, வறட்டுச் சட்டியில் சூடாக்கிப் பொடித்த முட்டை ஓடு ஒரு கரண்டி வையுங்கள். முட்டையிடும் பருவத்தில் பெண் பறவைகள் சுண்ணாம்புச் சத்துக்காகத் தேடி வந்து தின்னும்.

காக்கைச் சோறும் பழமும்

காக்கைச் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. தானியத் தட்டிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி, முடிந்தால் வீட்டின் வேறு பக்கம் வையுங்கள். காகம் இருக்கும் இடத்துக்குச் சின்னப் பறவை வராது. அதற்குக் காரணமும் உண்டு, கூட்டிலிருக்கும் குஞ்சைக் காகம் தூக்கிவிடும். சோற்றில் உப்பு, குழம்பு, எண்ணெய், ஊறுகாய் இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் சோறு சீக்கிரம் புளித்துவிடும், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடிக்குக் கலர்ச் சோறு வைக்கும் வீடுகள் மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளலாம். குங்குமம் கலக்க வேண்டாம். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், பிரெட், பால் எந்தப் பறவைக்கும் ஆகாது.

கொண்டைக்குருவி, குயில், மைனாவுக்குப் பப்பாளி, கொய்யா, வாழைப்பழம். பழத்தை இரண்டாக வெட்டி, ஓர் ஆணியில் குத்தி வையுங்கள். துண்டுதுண்டாகப் போட்டால் காகம் தூக்கிக்கொண்டு போகும். எறும்பு ஏறினால் தொங்கும் கம்பியின் நடுவே தண்ணீர் நிரப்பிய ஒரு சிரட்டையைக் கோத்து, துளையை மெழுகால் அடையுங்கள். அழகர்கோயில், திருப்பரங்குன்றம் பக்கம் குரங்கு நடமாட்டம் உள்ள இடங்களில் பழமே வைக்காதீர்கள். பழகிவிட்ட குரங்கு அடுத்துச் சமையலறைக்குத்தான் வரும்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட வேண்டாம். நம் வெப்பத்தில் அரை நாளில் நுரைத்துப் புளிக்கும். தேன்சிட்டுக்குக் கொடுக்க வேண்டியது பூ.

செடி: மெதுவான வேலை, நிலைக்கும் வேலை

தட்டில் தானியம் தின்னும் பறவைகள் நம் ஊர்ப் பறவைகளில் சிறு பங்குதான். தேன்சிட்டு, தையல்சிட்டு, கரிச்சான், குண்டுகரிச்சான், செம்போத்து எதுவும் கம்பைத் தொடாது. சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். ஆகவே கொல்லையில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே தானியம் வைப்பதில் பயனில்லை. முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் அந்தக் கிளையை மட்டும் வெட்டி அகற்றுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

இடம் இருந்தால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டும், கறிவேப்பிலைப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். கறிவேப்பிலையைக் காய்க்கவிட வேண்டும், மொட்டையாகக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூக்காது. இன்னும் இடம் இருந்தால் கொய்யா, முசுக்கொட்டை. சீக்கிரம் பலன் வேண்டுமானால் தேன்பழ மரம். வேகமாக வளரும், சிறு செம்பழங்களுக்குப் பறவை ஓயாது. மாடி மட்டும்தான் உண்டு என்றால் பெரிய தொட்டியில் ஒற்றை அடுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள். ஏற்கெனவே ஒரு வேம்பு நிற்கிறதென்றால் அதை வெட்டாமல் இருப்பதே பெரிய உதவி.

கெட்டுப்போகும் இடங்கள்

மாடப்புறா கூட்டமாக வர ஆரம்பித்தால் இரண்டு வாரம் தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பிறகு கதிர்க் கொத்தாக மட்டும் தொடங்குங்கள். புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் நோய் வரும். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுத் துடைத்து எடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கண்ணாடி சன்னலில் மோதிச் சாவதைத் தடுக்க, தட்டையும் சட்டியையும் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இடைப்பட்ட தூரத்தில்தான் பறவை வேகம் பிடித்து மோதுகிறது. கண்ணாடிக்கு வெளியே 10 செ.மீ. இடைவெளியில் நூல்களைத் தொங்கவிட்டாலும் சரி. பைக் கண்ணாடியைக் குண்டுகரிச்சானோ தேன்சிட்டோ கொத்திக்கொண்டிருந்தால் அது தன் உருவத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. பழைய காலுறை ஒன்றை மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தின்னாமல் மோதிக்கொண்டிருக்கும்.

இறகை உப்பிக்கொண்டு, பட்டப்பகலில் தட்டருகே கண்மூடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை நோயில் இருக்கிறது. புறாவுக்குத் தொண்டை இறகு ஈரமாக ஒட்டியிருப்பதும், அலகிலும் காலிலும் பரு போன்ற கட்டிகளும் தொற்றுநோயின் அறிகுறி. ஒரு பறவையிடம் கண்டாலும் தட்டையும் சட்டியையும் எடுத்து, பிளீச்சிங் தண்ணீரில் கழுவி, இரண்டு வாரம் வைக்காமல் இருங்கள். கூட்டம் கூடும் இடத்தில்தான் நோய் பரவுகிறது, கலைந்து போகட்டும். காகங்கள் வரிசையாகச் செத்து விழுந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

வல்லூறு வந்து ஒரு குருவியைத் தூக்கிப்போனால் வருத்தமாகத்தான் இருக்கும். அதுவும் தன் பசிக்கோ குஞ்சுக்கோதான் கொண்டு போகிறது. கல் எறிய வேண்டாம். தினமும் வந்தால் ஒரு வாரம் தட்டை எடுத்து வையுங்கள், வேறு பக்கம் போய்விடும்.

தவிட்டுக்குருவி, கரிச்சான், அணில் மூன்றும் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே பாம்போ பூனையோ பதுங்கியிருக்கிறது. குழந்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

கூடும் குஞ்சும்

சிட்டுக்குருவிப் பெட்டிக்கு 12 மி.மீ. பலகையில் 15 செ.மீ. சதுர அடி, 22 செ.மீ. உயரம். நுழைவுத் துளை 32 மி.மீ., அடியிலிருந்து 15 செ.மீ. மேலே. துளை பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். வெளியே உட்காரக் குச்சி வைக்காதீர்கள், காகத்துக்கு அது வசதி. அடியில் நான்கு சிறு துளை, கூரைக்குக் கீழே காற்றுக்கு இரண்டு. மேற்கு வெயில் படாத சுவரில், இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரத்தில், சன்ஷேடு அடியில் மாட்டுங்கள். சிட்டு கூட்டமாக வாழ்வது. ஒன்றுக்கு இரண்டு மூன்று பெட்டியாக ஒரு மீட்டர் இடைவெளியில் மாட்டினால் வர வாய்ப்பு அதிகம். சீலிங் ஃபேன் உள்ள அறைக்குள் கூடு கட்ட விடாதீர்கள், இறக்கையில் அடிபட்டுச் சாகும்.

முட்டை பொரிய ஏறத்தாழ 11 முதல் 14 நாள், பொரிந்தபின் குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். அந்த நாட்களில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம், போட்டோவும் வேண்டாம். பறந்து போனபின் பழைய கூட்டை எடுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை வெயிலில் காயவைத்து மாட்டுங்கள்.

தரையில் குஞ்சு கிடந்தால் இறகு முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். முளைத்திருந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகுங்கள். இறகே இல்லாத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. வீட்டில் வைத்து வளர்க்க முயலாதீர்கள். கிளி, மைனா, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பருவத்துக்குப் பருவம்

புரட்டாசி, ஐப்பசியில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். பழுப்புக் கீச்சான், மாங்குயில், நீண்ட வாலுடைய அரசவால் ஈப்பிடிப்பான், புதருக்குள் 'டக் டக்' என்று மட்டும் கேட்கும் கதிர்க்குருவிகள். ஆறுமணிக்குருவி அந்தச் சமயத்தில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழுவதுண்டு. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். கிடைத்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, அமைதியான இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் மாலையில் புதர் ஓரம் திறந்துவிடுங்கள். எழாவிட்டால் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

மார்கழி, தை மாதங்கள் பார்ப்பதற்கு நல்ல காலம். பொங்கல் விடுமுறையில் நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். உங்கள் கொல்லையும் கணக்கில் சேரும். அதற்குள் கண் பழகிவிட்டால் சாமநத்தம் கண்மாய்க்கோ அரிட்டாபட்டிக்கோ ஒரு காலை போய் வாருங்கள். அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022இல் அரசு அறிவித்தது. வீட்டில் பார்க்க முடியாத கழுகு இனங்களையும் வேறு வல்லூறு இனங்களையும் அந்தக் குன்றுகளில் பார்க்கலாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரெங்கும் நீர்மோர்ப் பந்தல் போடும் அந்த வெயிலில் சட்டி ஒருநாள்கூடக் காயக்கூடாது. அக்னி நட்சத்திரம் முடியும்வரை தானியத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. ஆடி, ஆவணிக் காற்றில் தொங்கும் தட்டு சுழலும். அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஐப்பசி மழையில் தட்டைத் தினமும் உதறிக் காயவைக்க முடியாவிட்டால் தானியமே வைக்க வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது

தானியத்தை நிறுத்துவதால் பறவை பட்டினி கிடக்காது. அவற்றுக்கு உங்கள் தட்டு பல இடங்களில் ஒன்று. நான்கு நாளில் வேறிடம் பார்த்துக்கொள்ளும், திரும்பி வந்து வைத்தால் அவையும் திரும்பும். நிறைய வைத்துவிட்டுப் போவதுதான் தப்பு, எலிக்கும் பூஞ்சைக்கும் போகும். தண்ணீர்ச் சட்டியை மாடி வீட்டுக்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லி, தேய்த்துக் கழுவும் நாரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். யாரும் இல்லையென்றால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரோடு விடக்கூடாது.